அது மட்டும் வரவில்லை

“என் குழந்தை இதுக்குள்ளதான் இருக்கா. எப்படியாவது எடுத்துக் கொடுத்துடுங்க.”

கம்ப்யூட்டர் பெட்டியைக் கடை மேஜையில் வைத்த பிறகும் அந்தப் பெண் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அவளோடு வந்த கணவர், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

சர்வீஸ் கடைக்காரர் ஒயரைச் செருகிப் பட்டனை அழுத்தினார். பெட்டிக்குள் மூச்சுப் பேச்சில்லை.

“எப்போலேர்ந்தும்மா ஆன் ஆகலை?”

“பாப்பா போன வாரமே இதுவும் படுத்துடுச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடலை.”

“பாப்பாவுக்கு...?”

“கேட் திறந்து கிடந்தது சார். ரோட்டுக்கு ஓடிட்டா. ஒரு வேன் வந்து...”

மேலே சொல்ல முடியாமல் அழுதாள். பில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரம்மா எழுந்து வந்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“கேட்டைத் திறந்து போட்டது யாருன்னு கேளுங்க” என்று அவள் வாசலைக் காட்டினாள். “ஆபீஸுக்கு அவ்வளவு அவசரம்!”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா. நான்தான்.”

“ஆனா பேச்சு வாங்கறது நான். ‘வீட்ல இருந்துக்கிட்டு என்னடி பண்ணிட்டிருந்தே’ன்னு மாமியார் மூஞ்சிக்கு நேரா கேட்கிறாங்க. கேட் கேமரால எடுக்கிறதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் பதிவாகும். அன்னைக்கு எதுவும் பதிவாகலைன்னு இவர் சொல்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அழிச்சிருப்பார். அதை அவங்க முன்னால போட்டுக் காட்டணும் சார்.”

“அழிச்சிருந்தாலும் வந்துடும்மா. அது மேல வேற எதுவும் பதிவாகாம இருந்தாப் போதும். போட்டோ, வீடியோ, அழிச்சது, அழிக்காதது எல்லாம் மொத்தமா வரும்.”

வாசலில் நின்றவர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகம் வெளிறியதைக் கடைக்காரம்மா கவனிக்காமல் இல்லை.

மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

“சார், எதுவுமே வரலைன்னு சொல்லிடுங்க.”

“குழந்தையோட போட்டோகூடவா?”

“அதுவும் போனாப் போகட்டும்.”

“நீங்க அந்தக் குழந்தைக்கு அப்பாதானே?”

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். “கால்ல வேணும்னாலும் விழறேன் சார்” என்றார்.

“முடியாது சார். அந்தம்மா என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க.”

அவர் படியிறங்கியதுதான் தாமதம், கடைக்காரம்மா ஆரம்பித்துவிட்டார். அவர் வாய்க்குப் பூட்டு எப்போதுமே கிடையாது.

“பார்த்தீங்களா? பெத்த குழந்தையோட முகம் போனாலும் பரவாயில்லையாம், தன் தப்பு வெளியில தெரியக் கூடாதாம். கல் நெஞ்சுக்காரன்! வந்து நின்னப்பவே நினைச்சேன்.”

“நீ பாரு, ஒண்ணு விடாம எடுத்துக் கொடுக்கிறேன்” என்றார் கடைக்காரர். அவருக்கும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். அது முக்கி முனகி ஓடியது. மறுநாள் படங்கள் வந்து விழத் தொடங்கின. பாப்பா தவழ்கிறாள். முகமெல்லாம் சோற்றைப் பூசிக்கொண்டு சிரிக்கிறாள். அப்பாவின் ஒற்றை ஷூவுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு விழப் பார்க்கிறாள். கடைக்காரம்மாவால் தாங்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமைக்க வீட்டுக்குக் கிளம்பினார். அப்போது திரையில் கேட் கேமராவின் பதிவுகளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தன.

சாயங்காலம் கடைக்காரம்மா கடைக்குத் திரும்பிய நேரத்தில் கணவனும் மனைவியும் வந்தார்கள். கடைக்காரர் பென் டிரைவை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

“பாப்பா போட்டோ எல்லாம் வந்துடுச்சும்மா. கேமரா பதிவு, அது மட்டும் வரலை.”

“அழிச்சாலும் வரும்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். டிஸ்க்ல அந்த இடமே கெட்டுப் போயிருக்கு. இனிமே யார்கிட்ட கொடுத்தாலும் வராது.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தப்பிச்சுட்டீங்க. சந்தோஷம்தானே? சாகிற வரைக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன்.”

அவர் கடைக்காரரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

அவர்கள் தெருவைத் தாண்டும்வரைதான் கடைக்காரம்மா பொறுத்தார்.

“ஏங்க, ஸ்கிரீன்ல கேட் தெரிஞ்சதை நானே ரெண்டு கண்ணால பார்த்தேன். எதுக்குப் பொய் சொன்னீங்க? அந்த ஆள் என்ன சொல்லி உங்களை மடக்கினான்?”

“அவர் ஒண்ணும் சொல்லலை.”

“அப்போ ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக் கொடுக்க மாட்டீங்க, அதானே? ஒரு பாவமும் அறியாத பொண்ணு. மாமியார்கிட்ட பேச்சு வாங்கியே சாகணுமா அவ?”

கடைக்காரர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

“அவர் பைக்கை வெளியில நிறுத்திட்டு, திரும்பி வந்து கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். விழுந்திருக்கான்னு இழுத்தும் பார்த்துட்டுத்தான் கிளம்பினார்.”

“அப்போ, திறந்தது?”

“கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா போன்ல பேசிக்கிட்டே குப்பையைக் கொட்ட வெளியில வந்தாங்க. திரும்பிப் போகும்போது சாத்தலை. அவங்களுக்கு அது ஞாபகமே இல்லை. அதைப் பார்த்துட்டுத்தான் அழிச்சிருக்கார் மனுஷன்.”