விலை இறங்கிய வீடு

அண்ணன் பணம் போட்டார், நான் கொத்தனார் கரண்டி பிடித்தேன். அப்படி எழும்பிய வீடு அது. கூலிக்குப் பதிலாக, "பின்னாடி ரூம் உசிருள்ளவரைக்கும் உனக்குத்தான்டா" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டு மார்க்கெட் விழுந்த பிறகு, அண்ணன் அதை விற்க விலை எழுதிய பலகையை வாசலில் மாட்டினார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"இறக்கி எழுதுங்க, இல்லன்னா வீட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்றார் தரகர்.

அண்ணன் இறக்கினார். மறுநாள் காலையில் சமையலறையில் ஜன்னலைக் காணவில்லை. அந்த இடம் சுவராகப் பூசப்பட்டிருந்தது. நான் இடதுகைக்காரன். கரண்டித் தடம் என் கைப்பக்கமாகவே வளைந்திருந்தது. நான் பூசவில்லை.

அடுத்த முறை இறக்கியபோது மாடிப்படி போனது. அண்ணி துணியைக் கீழே காயப்போட்டார்.

"அண்ணே, இன்னும் இறக்கினா என் ரூம்தான் போகும்."

"உன் ரூமை யாருடா தொடப்போறா? போய் வேலையைப் பாரு."

வேலை முடிந்து திரும்பியபோது பலகையில் புது விலை இருந்தது. அண்ணன் கையெழுத்து. வீடு பார்க்க வந்தவர் கூடத்தில் நின்றிருந்தார். என் அறைக்கதவு இருந்த இடத்தில் ஈரம் காயாத சுவர். அதற்குள்ளிருந்து இருமல் கேட்டது. சிமெண்டுத் தூசி நெஞ்சில் இறங்கிய, என்னுடைய இருமல்.

"உள்ள யாருங்க?" என்றார் வந்தவர்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரருங்க. பின்னாடி ரூமெல்லாம் எப்பவுமே கிடையாது."