ஜப்பான் வீட்டு விருந்துக்கு

லான்மடாவ் தெருக் கடையில் இருந்ததிலேயே பெரிய அரக்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார் சொக்கன். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்த தோளுக்கு அது பஞ்சு.

“அத வச்சிடுங்க மாமா,” என்றாள் கடைக்காரி லதா. ஜப்பானில் ஐந்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவள். “அங்க விருந்துக்குப் போற வீட்டுக்குச் சின்னதாத்தான் கொண்டு போகணும். பெருசா குடுத்தா, ஈடா என்னத்தத் திருப்பிக் குடுக்கறதுன்னு தவிச்சுப் போயிடுவாங்க.”

“டிக்கெட் போட்டுக் கூப்பிடறாங்கம்மா. அற்பமா ஒண்ண நீட்டினா நல்லாவா இருக்கும்?”

“ஒரு டப்பா லப்பே போதும். நம்ம ஊர் ஊறவச்ச தேயிலைன்னா ஆசையா வாங்கிக்குவாங்க. யாரு, மகனோட முதலாளியா?”

“இல்ல. அவங்க பொண்ணு ஆத்துல விழுந்துடுச்சு. ஏழு வயசுப் புள்ள. பாலத்துல போயிட்டிருந்த என் மகன்தான் குதிச்சுக் கரையேத்தி விட்டான்.”

“அடேங்கப்பா! அப்ப விருந்துல மகனையும் பாத்துடலாம்னு சொல்லுங்க.”

சொக்கன் பெட்டியை மெதுவாக அலமாரியில் வைத்தார்.

“அவன் கரையேறலம்மா,” என்றார். “சின்னதையே கட்டிக் குடு. பெருச அவன் குடுத்துட்டான். அதுக்கே ஒரு வருஷமா தவிச்சிட்டிருக்காங்க.”