விலாசம் இல்லாத நன்றி

கடைசி வரிசையில் இருந்த வெல்டர் மறுபடியும் தூங்கிவிட்டார்.

பயிற்சியாளர் பேச்சை நிறுத்தினார். "நம்ம ஆளு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும் போலிருக்கு. யாராவது எழுப்பி விடுங்கப்பா."

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த தையல்காரம்மா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். வெல்டர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"மூணு நாளா இதே கதைதான். எந்தச் சங்கம் நீங்க?"

"துணைச் சங்கம் சார்."

"எதுக்குத் துணை? தூக்கத்துக்கா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்று வெல்டர் அசடு வழிந்தார். மறுபடியும் சிரிப்பு.

அது அறக்கட்டளை நடத்தும் வகுப்பு. ஊரில் உள்ளவர்களிடம் நன்கொடை வாங்கிச் சேர்த்து, சின்னச் சின்னச் சேவைச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அறக்கட்டளையின் வேலை. வாங்கினால் மட்டும் போதாது, கொடுத்தவர் மனம் குளிர நன்றி சொல்லவும் தெரிய வேண்டும் என்று, சங்கத்துக்கு ஒருவராக வரவழைத்து மூன்று நாள் பாடமும் நடத்தினார்கள். பாடம் எடுப்பவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். ஒரு பைசா வாங்குவதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஞாபகம் இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டாத்தான் உங்க சங்கத்துக்கு இந்த வருஷ உதவி."

"தெரியும் சார். அதை நம்பித்தான் பதினோரு பேர் இருக்கோம்."

மேஜைமேல் பயிற்சியாளரின் போன் அதிர்ந்தது. தங்கை. காலையிலிருந்து மூன்றாவது தடவை. 'ஒரு தடவை வந்து எட்டிப் பாரேன்ணா' என்பாள். வகுப்பு முடியட்டும் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கே விட்டேன்? ஆங்... கொடுக்கறதுன்னா பணம் மட்டும் இல்லைங்க. பணத்தை யார் வேணும்னாலும் கொடுத்துடலாம். நேரத்தைக் கொடுக்கறான் பாருங்க, அவன்தான் மனுஷன்!"

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

"இப்போ கடைசிப் பரீட்சை. உங்களுக்கு ஏதாவது கொடுத்த ஒருத்தருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்க. அரை மணி நேரம்."

அரை மணி கழித்துத் தாள்களை வாங்கிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தார். வெல்டர் தாளின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் தாளை மெல்ல உருவினார். எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்தார். "எப்படி எழுதக் கூடாதுன்னு இதை வெச்சுச் சொல்லித் தர்றேன். முதல்ல, மேலே விலாசமே இல்லை. விலாசம் இல்லாத நன்றி யாருக்குப் போய்ச் சேரும்?"

தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'முகம் தெரியாத ஐயாவுக்கு வணக்கம். ராத்திரியில் நோயாளி பக்கத்தில் கண் விழித்திருந்து, வீட்டுக்காரர்களைத் தூங்க வைப்பது எங்கள் சங்கத்தின் வேலை.'"

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தையல்காரம்மா தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். துணைச் சங்கத்தின் மனு பத்து நாளாகப் பயிற்சியாளர் பையில்தான் இருக்கிறது. பிரித்துப் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்துவது நன்றாக இருக்காதே என்று மேலே படித்தார்.

"'மூன்று ராத்திரியாக உங்கள் அப்பாவுடன் இருக்கிறேன். கண் சரியாகத் தெரியாததால் என்னை நீங்கள் என்று நினைத்துக்கொண்டார். பெரியவனே வந்துட்டியா என்று கையைப் பிடித்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துட்டேன்பா என்று சொல்லிவிட்டேன். உடனே அவர், கடைசி டிரிப் முடிஞ்சுதுடா, வண்டியை...'"

குரல் நின்றுவிட்டது.

"படிங்க சார்" என்றாள் தையல்காரம்மா.

"'...வண்டியை ஷெட்ல விட்டாச்சு, இனிமே நான் உன்கூடத்தான் என்றார்.'"

முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டிய ஒரு மனுஷர், தினமும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்ன வார்த்தை அது. அதைக் கேட்டதும் பாடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டவன் ஒருவன் உண்டு.

மிச்சத்தை உரக்கப் படிக்க முடியவில்லை. பயிற்சியாளர் மனசுக்குள் படித்தார்.

'நாலு நாளாக எதுவும் சாப்பிடாதவர், நீங்கள் கொடுப்பதாக நினைத்து அரை டம்ளர் பால் குடித்தார். உங்களைக் கேட்காமலே உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தைக் கொடுத்ததற்கு நன்றி.'

அறை அமைதியானதில் வெல்டர் விழித்துக்கொண்டார். தன் தாள் பயிற்சியாளர் கையில் இருப்பதைப் பார்த்துப் பதறினார்.

"தப்பா எழுதிட்டேனா சார்? விலாசம் வேணும்னு தெரியும். அந்த வீட்டு அம்மாகிட்டகூட கேட்டேன். 'அண்ணன் ஊருக்கு உழைக்கிறவர், அவருக்கு நேரம் இருக்காது, தொந்தரவு பண்ணாதீங்க'ன்னுட்டாங்க. இதை வெச்சு எங்க சங்கத்தை மட்டும் லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடாதீங்க சார்."

கவிழ்ந்து கிடந்த போன் மறுபடியும் அதிர்ந்தது.

பயிற்சியாளர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"விலாசம் எனக்குத் தெரியும்."