டீ பார்சல்

கீங், கீங், கீங் என்று அலறியது அலாரம்.

கட்டுப்பாட்டு அறையில் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கப்பலுக்கு வெகு கீழே, கும்மிருட்டில், கடல் தரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த ரோபோ எதன் மேலோ மோதப் பார்க்கிறது.

“நிறுத்துங்க!” என்றாள் தலைமை ஆய்வாளர்.

ஓட்டுநர் விசையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். திரை முழுக்கச் சேறு கலங்கியது.

காலையிலிருந்து பார்த்ததும் சேறுதான். நடுநடுவே, பாதி புதைந்த எலும்பு மாதிரி செத்த பவளத் துண்டுகள். வெயிலையே பார்க்காமல், குளிரிலும் இருட்டிலும் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த பவளக் காடு. அதை இழுவலைகள் ஒரே பருவத்தில் வழித்துப் போட்டுவிட்டன.

பிறகு மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்தத் தடைக்கு இந்த மாதத்தோடு ஆயுள் முடிகிறது. புதிதாக ஒரே ஒரு குருத்து முளைத்திருப்பதைக் காட்டினால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் வலைகள் திரும்பி வரும்.

ரோபோ இறங்குவது இன்றோடு கடைசி.

கலங்கல் மெல்ல அடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் ஏதோ பளபளத்தது.

ஓட்டுநர் பாதி எழுந்துவிட்டான். “ஐயோ, என் பிளாஸ்க்!”

அறையே சிரித்தது. கப்பலில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. நாலு வருடத்துக்கு முன், போன பயணத்தில், ரோபோவின் கூடைக்குத் திருகாணி முடுக்கிய இவன், தன் டீ பிளாஸ்க்கை அதற்குள்ளேயே வைத்து மறந்துவிட்டான். ரோபோ சமர்த்தாக அதையும் சுமந்துகொண்டு இறங்கியது. அடியில் ஒரு குலுக்கல். பிளாஸ்க் உருண்டு இருட்டுக்குள் போனதை இதே திரையில் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவன் பெயர் ‘டீ பார்சல்’.

“என்ன பார்சல், டீ சூடா இருக்கான்னு பாரு!” என்றார் கிரேன்காரர்.

“சிரிங்க, சிரிங்க. கல்யாணத்துக்கு மாமனார் குடுத்ததுண்ணே. பாக்கறப்பல்லாம் ‘பிளாஸ்க் எங்க மாப்ளே’ன்னு கேக்கறார். கப்பல்ல இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“கப்பலுக்குக் கொஞ்சம் கீழன்னு சொல்ல வேண்டியதுதானே!”

தலைமை ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்க் பேச்சை எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரோபோவின் கை நீண்டது. ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கி, சப்பையாகிக் கிடந்தது பிளாஸ்க். இரும்பு விரல்கள் விரிந்தன. இன்னும் ஒரு சாண் தூரம்தான்.

“தொடாதீங்க!”

கை அந்தரத்தில் நின்றது.

“கேமராவைக் கிட்ட கொண்டு போங்க. இன்னும்... இன்னும் கிட்ட.”

பிளாஸ்க்கின் முதுகில், சுண்டுவிரல் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கிளை. அதன் நுனியில் கண்ணாடி மாதிரி மெல்லிய இழைகள் விரிந்து, தண்ணீரில் இரை துழாவிக்கொண்டிருந்தன.

உயிருள்ள பவளம்.

மூடியோரத்தில், பட்டாணி அளவில், ஒரு கடற்பஞ்சுக் குஞ்சு வேறு.

சுற்றிலும் சேறாக இருந்த இடத்தில் காலூன்றக் கெட்டியாக ஏதாவது கிடைக்காதா என்று இவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து அலைந்திருக்கின்றன. கிடைத்தது இதுதான்.

யாரோ கைதட்ட ஆரம்பித்து, சத்தம் கீழே கேட்டுவிடும் போல, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தலைமை ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கிளை அங்கேயேதான் இருந்தது.

ஓட்டுநர் ரோபோவின் வெறுங்கையை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தான்.

“அப்போ... பிளாஸ்க்?” என்றான் பாவமாக.

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

“அங்கேயே இருக்கட்டும். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”