அப்பாகிட்ட சொல்லாத

“இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?”

ஜோயலின் அப்பா எபினேசர் நோட்டை மேஜைமேல் விரித்து வைத்தார். கவிநிலா டீச்சர் குனிந்து பார்த்தாள்.

ஐந்தாம் வகுப்பு ஜோயலின் நோட்டு. கடைசிப் பக்கத்தில் ‘ஜோஸ்லின், ஜோஸ்லின்’ என்று பிள்ளை வரிவரியாக எழுதி வைத்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் அவளே எழுதியது: ‘அழகான பெயர். இந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதே.’

சனியன் பிடித்த நோட்டு, எப்படியோ பையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

“ஆமா சார். என் கையெழுத்துதான்.”

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு மணி அடித்தபிறகு ஜோயல் அவள் காதோரம் வந்து, “எல்லாரும் என்னைப் பையன்னு சொல்றாங்க டீச்சர். நான் பொண்ணு. என் பேரு ஜோஸ்லின்” என்றது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். இது அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

அப்பா லேசுப்பட்டவரா? கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு சபையில் உபதேசியார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். இன்றைக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை நம்பாமல் மொபெட்டிலேயே வேங்கிக்கால் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருக்கிறார் என்றால் பாருங்களேன்.

கவிநிலாவுக்கு ஒரு விஷயம் காதில் விழுந்தால் அடிவேர் வரை தோண்டாமல் சோறு இறங்காது. ஜோயலின் தெருவிலிருந்தே ஸ்கூல் வேனில் வருகிற ஆயா காசியம்மாளை அப்போதே பிடித்தாள். காசியம்மாளும் சும்மா சொல்லக்கூடாது, ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

“சர்ச்சுல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் குந்துவாங்க டீச்சர். இந்தப் புள்ளைய மட்டும் ரெண்டுலயும் உடமாட்டாரு. எல்லாரும் பாக்க முன்னாடி தனியா குந்த வெச்சிருவாரு. சாயங்காலமானா கதவ சாத்திகினு ஜெபம். ஒரே அழுக சத்தம்!”

போதாதா? முன்பு வேலை பார்த்த பள்ளியில் இதேபோல் ஒரு பிள்ளை. நல்லது என்று நினைத்து இவள்தான் வீட்டில் சொன்னாள். மறுவாரம் கையில் கட்டோடு வந்த பிள்ளை, அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

அதனால்தான் ஜோயலைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தாள். “எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு. வீட்ல மூச்சு விடாத. முக்கியமா அப்பாகிட்ட சொல்லாத.”

இப்போது அந்த அப்பாவே எதிரில் நிற்கிறார். கேட்டுவிடலாம்.

“புள்ளைய அடிச்சீங்களா சார்?”

“எதுக்கு?”

“எதுக்கா? அதான் நோட்டைப் பாத்துட்டீங்களே.”

“பேரைத்தான் நேத்து பாத்தேன். சங்கதி எனக்கு மூணு வருஷமா தெரியும் டீச்சர். ஏழு வயசுல, முதல்ல என்கிட்டதான் வந்து சொன்னான்.”

ஆனாலும் விடுவாளா?

“அப்போ சர்ச்சுல எல்லார் முன்னாடியும் தனியா உக்கார வெக்கிறது?”

“ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு அழுதான். எந்தப் பக்கம் உக்காந்தாலும் யாராவது சிரிக்கறாங்க. அதான் என் பக்கத்துலயே வெச்சிக்கிட்டேன். பாட்டுக்கு கஞ்சிரா தட்டுவான். இப்ப யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

“கதவைச் சாத்திட்டு ஜெபம் பண்றீங்களாம். அழுகைச் சத்தம் கேக்குதாம்.”

“அழுதது நான்தாங்க.” சொல்லும்போது எபினேசருக்குக் கூச்சமாக இருந்தது. “ஆண்டவர் அவனை ஆம்பளையாத்தான் படைச்சாருன்னு நான் நம்பறேன். அவன்கிட்டயும் சொன்னேன். ‘இல்லப்பா’ங்கறான். சபையில சில பேர், உபவாச ஜெபத்துக்குக் கூட்டிட்டு வா, பிசாசைத் துரத்திடலாம்னாங்க. எம்புள்ளகிட்ட ஏதுய்யா பிசாசுன்னு சண்டை போட்டுட்டு வந்துட்டேன். ஏன் இப்படின்னு எனக்கும் புரியல, அவனுக்கும் புரியல. ரெண்டு பேரும் சேந்து முட்டி போட்டு ஆண்டவரைக் கேட்டுட்டிருந்தோம்.”

“கேட்டுட்டிருந்தோம்னா? இப்ப?”

“ரெண்டு மாசமா வாயே தொறக்கறதில்ல. என்னடா கண்ணுன்னா ‘ஒண்ணுமில்ல’ங்கறான். முட்டி போடறான், கண்ணை மூடிக்கறான், அவ்வளவுதான். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம தவிச்சிட்டிருந்தேன். நேத்து இந்த நோட்டைப் பாத்தப்பதான் வெளங்குச்சு.”

“நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்…”

“இல்லன்னு சொல்லல. எத்தனை வீட்ல அடிச்சுத் தொரத்தறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா என்னைப் பத்தி ஆயாகிட்ட கேட்ட நீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்?”

இத்தனை நாள் தோண்டித் தோண்டி விசாரித்ததை நினைத்தால் கவிநிலாவுக்கே வெட்கமாக இருந்தது. காசியம்மாளை அனுப்பி ஜோயலை வரச் சொன்னாள்.

பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது. மேஜைமேல் கிடந்த நோட்டைப் பார்த்ததும் அதன் முகம் வெளுத்துப் போயிற்று.

“வா கண்ணு.” எபினேசர் இரண்டு கைகளையும் நீட்டினார். “அப்பா கோவப்படல. அப்பாகிட்ட பேசுடா.”

பிள்ளை அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. பேசலாமா என்று கேட்பதுபோல் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.