பந்தலுக்கு மேலே

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலின் இலைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக மண்ணில் விழுகிறது. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டதும், குலை வெட்டிக்கொண்டிருக்கும் ஹேமாவதியின் கத்தரி அவள் விரலிலேயே பதிந்து நிற்கிறது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றிப் போகும் ஜீப் அது. போன வருசம் அப்படி ஒன்று மலைப்பாதையில் உருண்டபோது அவளும் உள்ளே இருந்தாள். அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த தோழி பிழைக்கவில்லை. இவள் அழவே இல்லை. தைரியக்காரி என்று ஊரே மெச்சியது. கணவன் ஈஸ்வரபாண்டியிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "நான் மேல மரத்துல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேங்க. கீழ அடிபட்டுக் கெடந்தது நானில்ல, வேற யாரோ." ஜீப் சத்தம் தேய்ந்து போகிறது. திராட்சைச் சாற்றோடு சேர்ந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிகிறது. அவள் அதை வேடிக்கை பார்க்கிறாள். ஈஸ்வரபாண்டி ஓடிவந்து துண்டைக் கிழித்து விரலைச் சுற்றுகிறான்.

"வலிக்குதா புள்ள?"

"கீழ நிக்கிறவளுக்கு வலிக்கும்ல" என்கிறாள், பந்தலை அண்ணாந்து பார்த்தபடி.

விரலை விடாமல் அவனும் அண்ணாந்து, அந்த இலைகளைப் பார்த்து மெல்லச் சொல்கிறான்: "எறங்கி வந்துரு, ஹேமா. நான் இங்கனதான் நிக்கிறேன்."