ஏழு புள்ளி

"மானத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ன ரேட்டு போடுதீய?"

விளம்பரக் கவுன்ட்டரில் இருந்த விஜிலா ரேட் கார்டைப் புரட்டினாள். மணமகள் தேவை இருந்தது, கண்ணீர் அஞ்சலி இருந்தது. மானம் இல்லை. கேட்டவரை உள்ளே போகும்படி கையை நீட்டிவிட்டாள்.

துறைமுகச் சாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் செல்வதுரை அண்ணாச்சி வருகிற வேகத்தைப் பார்த்ததுமே, உதவி ஆசிரியர் செந்தில்முருகன் எழுந்து நின்றுவிட்டான். அவர் கையில் அன்றைய பேப்பர், நாலாம் பக்கம் வெளியே தெரியும்படி மடங்கியிருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காரவா வந்தேன்? இத வாசிங்க தம்பி."

வாசிக்கத் தேவையில்லை. நேற்று அச்சுக்கு அனுப்பியவனே அவன்தான். ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று கடையை அளக்க வந்த அதிகாரியின் பெயரைப் போட்டு, 'அவரைப் பார்த்து வியாபாரி செல்வதுரை, "......." என்றார். இதனால் அங்கு பரபரப்பு ஏற்பட்டது. அதிகாரி திரும்பிச் சென்றார்' என்று செய்தி முடிந்திருந்தது.

அந்தப் பத்திரிகையில் புள்ளிக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. கோபத்தில் தானாக வாயில் வந்து விழுகிற சொல்லுக்கு மூன்று புள்ளி. எதிராளியின் பிறப்பைச் சந்தேகித்தால் ஐந்து. அவன் அம்மாவை இழுத்தால் ஏழு. அலுவலக ரகசியம்தான், ஆனால் தூத்துக்குடி டீக்கடைகளில் அது எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஏழு புள்ளி" என்றார் அண்ணாச்சி. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "ஏழு."

"நிருபர் அனுப்புனதே அப்படித்தான் அண்ணாச்சி. நான் கூட்டவுமில்ல, கொறைக்கவுமில்ல."

"ஐஸ் கம்பெனியில பந்தயம் கட்டுதானுவ, நான் என்ன சொன்னேன்னு. எங்க சர்ச்சு ஐயரு, உங்களுக்காக ஜெபம் பண்ணுதேன்னுட்டுப் போறாரு. எம் மவ ஜெனிலாவுக்கு வார ஞாயித்துக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை டிக்சனுக்கு அம்மா நாசரேத்துல ஹெட்மிஸ்ட்ரஸ், தேவகனி டீச்சர். பிள்ளைய 'போடா'ன்னு சொன்னாலே வகுப்புக்கு வெளிய நிறுத்துற ஆளு. காலையில போன் பண்ணி, 'பேப்பர் பாத்தேன், பேசணும்'னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாவ. இனி பேச என்ன இருக்கு? நான் சொன்னத நாளைக்கு அப்படியே போட்டுருங்க. நான் சொன்னது..."

"சொல்லாதீய!" செந்தில்முருகன் அவர் வாயைப் பொத்தாத குறை. "பொம்பளப் பிள்ள இருக்கு."

கவுன்ட்டரில் விஜிலா ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைத் திறந்து வைத்திருந்தாள்.

"சொன்னாத்தான உங்களுக்குத் தெரியும்."

"ஏழு புள்ளிக்கு ஒரே வார்த்தைதான் அண்ணாச்சி. எனக்குத் தெரியும். வேணும்னா ஒண்ணு செய்யலாம். 'ஏழு புள்ளி தவறு, மூன்று புள்ளி என வாசிக்கவும்'னு ஒரு திருத்தம் போட்டுருதேன். பாதிக்கு மேல தள்ளுபடி."

"மூணுன்னாலும் அது அசிங்கம்தான? ஒரு புள்ளியும் வேண்டாம். எழுத்தாவே போடுங்க."

"எழுத்தாப் போட்டா என் வேலை போயிரும்."

"போடாட்டி எம் மவ கல்யாணம் போயிரும்."

அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் 'டீச்சர்'. வியர்த்த விரல் எங்கே பட்டதோ, ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

"அண்ணாச்சி, காலையில ஸ்கூல் பெல் அடிச்சுட்டு, அதான் வச்சுட்டேன். பேப்பர் பாத்தேன்."

"டீச்சர், அது வந்து, நான் அவருகிட்ட என்ன சொன்னேன்னா..."

"வேண்டாம், சொல்லிராதீங்க. அதிகாரி பேரப் பாத்ததும் ஆளு யாருன்னு தெரிஞ்சுட்டு. இங்க வேலை பாக்கையில, எங்க காம்பவுண்டுச் சுவர அளந்துட்டுப் போயி, ஒரு கையெழுத்துக்கு என்னைய மூணு வருஷம் நடையா நடக்க விட்ட மனுஷன். பள்ளிக்கூடத்துல இருக்கவ, என்னத்தச் சொல்ல? வாயை மூடிட்டு வந்தேன். கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு இத்தன வருஷம் பிள்ளையளுக்குக் குடுத்தவ, இன்னைக்குக் காலையில நானே நிரப்பிட்டேன்." டீச்சர் சிரித்தார். "சம்பந்தம்னா இப்படி முதுகெலும்புள்ள வீடா இருக்கணும்னு டிக்சன் அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்துருதோம். ஒண்ணே ஒண்ணு, மறுப்பு கிறுப்புன்னு போட்டுப் பின்வாங்கிராதீங்க."

போன் நின்றது. அண்ணாச்சி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திருத்தம் போடணுமா அண்ணாச்சி?"

"எதுக்கு? புள்ளி இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

செந்தில்முருகனுக்கு மூச்சு வந்தது. கூடவே ஆசையும் வந்தது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்த வார்த்தைதான?"

"உங்க நிருபர் பாண்டித்துரை வாறதுக்குள்ள அதிகாரி ஜீப்பு கெளம்பிட்டு. 'நீங்க சொன்னதுக்குப் புள்ளி வச்சு இடம் விட்டுருக்கேன் அண்ணாச்சி, பெறவு போன்ல கேட்டு நிரப்பிக்கிடுதேன்'னாரு. கேக்கவே இல்ல."

"அப்போ என்னதான் சொன்னீய?"

அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். விஜிலா பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'வெயில்ல நிக்கீயளே சார், ஒரு மோர் குடிக்கீயளா'ன்னேன். சாப்பாட்டு நேரமாயிட்டுன்னு ஜீப்புல ஏறிட்டாரு. ஆக, ஏழு புள்ளிக்கு ஒரு சம்பந்தம் வரவு; அந்த மனுஷனுக்கு ஒரு மோர் பாக்கி."